நோய்த்தொற்றுக் கட்டுப்பாடும் என்.ஏ.பி.எச். தரச்சான்றும்: நடுத்தர மருத்துவமனைகளுக்கான முழுமையான வழிகாட்டி

தரச்சான்றுக்கு விண்ணப்பிக்கவிருக்கும் மருத்துவமனைகளின் நோய்த்தொற்றுப் பதிவேட்டைப் புரட்டினால், பல இடங்களில் மாதந்தோறும் ஒரே எண்தான் எழுதப்பட்டிருக்கும்: பூஜ்யம். அறுவைக் காயத் தொற்று பூஜ்யம், சிறுநீர்க் குழாய்த் தொற்று பூஜ்யம், ஊசிக்குத்துக் காயம் பூஜ்யம். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் இதைக் கண்டு மகிழ்வதில்லை. யார் எண்ணுகிறார்கள், எந்த வரையறையை வைத்து எண்ணுகிறார்கள் என்று கேட்கத் தொடங்குகிறார். அதற்குப் பதில் சொல்ல முடியாத மருத்துவமனையில் அதன் பிறகு காட்டப்படும் ஒவ்வொரு ஆவணமும் சந்தேகத்தோடுதான் படிக்கப்படும். ஆகவே 50 முதல் 100 படுக்கைகள் வரை உள்ள தனியார் மருத்துவமனைகளை மனத்தில் வைத்து எழுதப்படும் இந்த வழிகாட்டியில், தொற்றுகளை நேர்மையாக எண்ணுவதற்கே முதலிடம் தரப்பட்டுள்ளது. தயாரிப்புக்குக் குறைந்தது ஒன்பது மாதங்களை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மூன்று மாதங்களில் கோப்புகளை உருவாக்கிவிடலாம். பழக்கங்களை உருவாக்க முடியாது.

முதல் படி: எந்தத் தரநிலை என்று தெளிவுபடுத்திக்கொள்வது

என்.ஏ.பி.எச். என்பது இந்தியத் தர மன்றத்தின் கீழ் இயங்கும் அங்கீகார வாரியம். மருத்துவமனைகளுக்கான அதன் தரநிலைகளின் ஆறாம் பதிப்பு 2025 ஜனவரியில் வெளியானது. ஐந்தாம் பதிப்பை வைத்துத் தயாரிக்கப்பட்ட பழைய கையேடுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருப்பதால், வேலையைத் தொடங்கும் முன் பதிப்பைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 50 படுக்கைகள் வரை உள்ள சிறு மருத்துவமனைகளுக்குத் தனித் தரநிலை உண்டு. அதற்கு மேற்பட்டவை முழுத் தரநிலையின் கீழ் வருகின்றன. முழுத் தரநிலையின் பத்து அத்தியாயங்களில் ஒன்று முழுவதும் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுக்கு உரியது.

ஒவ்வொரு தரநிலையின் கீழும் உள்ள கூறுகள் நான்கு வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 'கோர்' எனப்படும் அடிப்படைக் கூறுகள் எல்லா மதிப்பீடுகளிலும் கட்டாயம் பார்க்கப்படும். ஏனையவை மதிப்பீட்டின் கட்டத்தைப் பொறுத்து அமையும். தரநிலை நூலை அச்செடுத்து, அடிப்படைக் கூறுகளை மட்டும் முதலில் நிறமிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே "செய்கிறோம்", "செய்கிறோம், பதிவு இல்லை", "செய்வதில்லை" என்ற மூன்றில் ஒன்றைக் குறித்து வாருங்கள். நடுவில் உள்ள வகைதான் எண்ணிக்கையில் அதிகமாக வரும். மூன்றாம் வகையில் வருவன பெரும்பாலும் பணச் செலவோடு தொடர்புடையவை என்பதால், அந்தப் பட்டியல் முதல் மாதத்திலேயே நிர்வாக இயக்குநரின் மேசைக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படி: குழுவும் ஒரு முழுநேரச் செவிலியரும்

நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் நுண்ணுயிரியலாளர், அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், செவிலியர் கண்காணிப்பாளர், மருந்தகப் பொறுப்பாளர், கிருமிநீக்கப் பிரிவின் பொறுப்பாளர், பராமரிப்புப் பொறியாளர், தூய்மைப் பணி மேற்பார்வையாளர் ஆகியோர் இடம்பெற வேண்டும். சொந்த ஆய்வகத்தில் நுண்ணுயிரியலாளர் இல்லாத மருத்துவமனைகள், மாதிரிகளை அனுப்பும் வெளி ஆய்வகத்தின் நுண்ணுயிரியலாளரை எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் வழியே குழுவில் சேர்த்துக்கொள்ளலாம். பொறியாளரை விட்டுவிடும் குழுக்களே அதிகம். ஆனால் அறுவை அரங்கின் காற்றோட்டமும், டயாலிசிஸ் நீரும், மேல்நிலைத் தொட்டியும் அவருடைய கையில்தான் இருக்கின்றன.

குழு கூடிப் பேசும். அன்றாட வேலையைச் செய்பவர் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் 250 படுக்கைகளுக்கு முழுநேரப் பயிற்சி பெற்ற ஒருவராவது வேண்டும் என்கின்றன. அதைக் காட்டி, நூறு படுக்கைக்கு அரைநேரச் செவிலியர் போதும் என்று கணக்குப் போடும் நிர்வாகங்கள் உண்டு. அப்படி நியமிக்கப்படுபவர், ஆள் குறையும் நாளெல்லாம் வார்டு பணிக்கு இழுக்கப்படுவார். அன்றைய எண்ணிக்கை விடுபடும். விடுபட்ட நாளுக்குப் பிறகு ஊகமாக ஓர் எண் எழுதப்படும். ஆகவே அவருக்கு வேறு பணி தரப்படாது என்பதை நியமன ஆணையிலேயே எழுதிவிடுவது நல்லது.

மூன்றாம் படி: எண்ணத் தொடங்குவது

நான்கு தொற்றுகளைக் கண்காணிப்பது அடிப்படை. மைய சிரைக் குழாய் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைக்குள் செலுத்தப்படும் குழாய்) வழியான இரத்தத் தொற்று, சிறுநீர்க் குழாய் வழியான தொற்று, வென்டிலேட்டர் தொடர்பான நிமோனியா ஆகிய மூன்றும் ஆயிரம் கருவி-நாள்களுக்கு எத்தனை என்று கணக்கிடப்படுகின்றன. அறுவைக் காயத் தொற்று நூறு அறுவைகளுக்கு எத்தனை என்று கணக்கிடப்படுகிறது. பிழை பெரும்பாலும் கீழ் எண்ணில், அதாவது வகுக்கும் எண்ணில்தான் நேர்கிறது. கருவி-நாள் என்பது, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், வசதிக்காகக் காலை எட்டு மணி என்று வைத்துக்கொள்வோம், அந்தக் கருவி பொருத்தப்பட்டிருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கை. ஒரே நோயாளிக்கு இரண்டு மைய சிரைக் குழாய்கள் இருந்தாலும் அது ஒரு கருவி-நாளாகவே கொள்ளப்படும். ஒரு காலாண்டில் 400 சிறுநீர்க் குழாய் நாள்களும் இரண்டு தொற்றுகளும் இருந்தால், விகிதம் ஆயிரத்துக்கு ஐந்து. சிறிய தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஒரு தொற்றுகூட மாத விகிதத்தைப் பயமுறுத்தும் உயரத்துக்குக் கொண்டுபோய்விடும் என்பதால், மாத எண்ணோடு காலாண்டுச் சராசரியையும் சேர்த்து வரைபடமாக வைக்க வேண்டும்.

எது தொற்று என்பதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் கருத்துக்கு விட்டுவிடக் கூடாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வரையறைகளையே இந்தியாவிலும் பெரும்பாலான மருத்துவமனைகள் பின்பற்றுகின்றன. அவற்றின்படி கருவி இரண்டு நாள்களுக்கு மேல் உடலில் இருந்திருக்க வேண்டும். காய்ச்சல் இல்லாத நோயாளியின் குழாயோடு இணைந்த சேகரிப்புப் பையில் தேங்கிய சிறுநீரை எடுத்து, கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, முளைத்த கிருமியைத் தொற்று என்று எழுதுவது ஒரு வகைப் பிழை. காய்ச்சலோடு இருக்கும் நோயாளிக்கு வளர்ப்புச் சோதனையே அனுப்பாமல் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை மாற்றிவிடுவது இன்னொரு வகை. பூஜ்யங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் பிழையிலிருந்தே பிறக்கின்றன. தேடாத இடத்தில் எதுவும் கிடைப்பதில்லை. எனவே வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளின் எண்ணிக்கையையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அறுபது மாதிரிகள் இருந்தால் அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பு உண்டு.

அறுவைக் காயத் தொற்றைப் பொறுத்தவரை கண்காணிப்புக் காலம் 30 நாள். எலும்பு இணைப்புத் தகடு, செயற்கை மூட்டு, குடலிறக்க வலை போன்றவை பொருத்தப்படும் அறுவைகளுக்கு 90 நாள். நோயாளி மூன்றாம் நாளே வீடு திரும்பிவிடுகிறார். காயத்தில் சீழ் வைத்தால் ஊரிலுள்ள மருத்துவரிடம் போய்விடுகிறார். ஆகவே முப்பதாம் நாள் தொலைபேசியில் அழைத்து, சீழ், சிவப்பு, காய்ச்சல், தையல் விரிதல், வேறிடத்தில் சிகிச்சை என்ற ஐந்து கேள்விகளைத் தமிழில் கேட்டு எழுதும் ஒரு படிவம் தேவை. இந்த அழைப்புகள் தொடங்கிய முதல் காலாண்டில் தொற்று விகிதம் உயரும். அந்த உயர்வுக்குக் காரணம் கண்காணிப்பு மேம்பட்டதே என்று குழுவின் கூட்டக் குறிப்பில் அப்போதே பதிவு செய்துவிட்டால், பிறகு யாரும் அதை மறைக்க வேண்டிய அவசியம் வராது.

நான்காம் படி: கைகள்

கைச் சுத்தத்துக்கு உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்கள் பல மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டப்பட்டுள்ளன: நோயாளியைத் தொடும் முன், கிருமியற்ற செய்முறைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியின் சுற்றுப்புறத்தைத் தொட்ட பின். ஆல்கஹால் திரவத்தால் 20 முதல் 30 வினாடி, சோப்பும் நீரும் என்றால் 40 முதல் 60 வினாடி. மதிப்பீட்டாளர் இவற்றை ஒப்பிக்கச் சொல்வார். ஆனால் வார்டு சுற்று நடக்கும்போது அவர் கண் மருத்துவரின் கைகளில்தான் இருக்கும்.

கைச் சுத்தக் கண்காணிப்புப் படிவங்களில் 95 விழுக்காடு, 98 விழுக்காடு என்று வருவது எளிது, ஏனெனில் பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தவர் கை கழுவிவிடுவார். இதைச் சரிபார்க்க எளிய குறுக்குக் கணக்கு ஒன்று உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் தன்மதிப்பீட்டுச் சட்டகம் ஆயிரம் நோயாளி-நாள்களுக்குக் குறைந்தது 20 லிட்டர் ஆல்கஹால் திரவப் பயன்பாட்டை ஓர் அளவுகோலாகக் கொள்கிறது. நாளொன்றுக்குச் சராசரியாக 33 உள்நோயாளிகள் உள்ள மருத்துவமனையில் மாதம் ஏறத்தாழ ஆயிரம் நோயாளி-நாள்கள் வரும். ஆக, மாதத்துக்கு 500 மில்லி பாட்டில்கள் நாற்பது. மருந்தகத்திலிருந்து எட்டு பாட்டில்கள்தான் வெளியே போயிருக்கின்றன என்றால், படிவத்தில் உள்ள 98 விழுக்காட்டை யாரும் நம்பப் போவதில்லை. இந்த எண்ணை நீங்களே மாதாமாதம் கணக்கிட்டுக் குழுவின் முன் வைத்துவிடுங்கள். பாட்டில் கட்டிலின் காலடியில் மாட்டப்பட்டிருக்கிறதா, செவிலியர் மேசையில் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறதா என்பதும் இந்த எண்ணைத் தீர்மானிக்கும்.

ஐந்தாம் படி: கிருமிநீக்கம்

கருவிகளை மூன்றாகப் பிரிக்கும் ஸ்பால்டிங் வகைப்பாடு இதற்கு அடிப்படை. உடலின் கிருமியற்ற திசுக்களுக்குள் நுழைபவை முழுமையாகக் கிருமிநீக்கம் செய்யப்பட வேண்டும். எண்டோஸ்கோப் போலச் சளிச்சவ்வைத் தொடுபவைக்கு உயர்நிலைக் கிருமிநாசினி போதும். இரத்த அழுத்தமானியின் பட்டை போலத் தோலை மட்டும் தொடுபவைக்குச் சாதாரணத் துடைப்பு போதும்.

சிறு மருத்துவமனைகள் தடுமாறும் இடம் லேப்ராஸ்கோப், அதாவது சிறு துளை வழியே உள்ளே பார்த்து அறுவை செய்ய உதவும் கருவி. அது வயிற்றுக்குள் நுழைவதால் முதல் வகையைச் சேர்ந்தது. ஆயினும் ஒரே நாளில் நான்கைந்து அறுவைகள் வரிசையில் இருக்கும்போது, இரண்டு அறுவைகளுக்கு நடுவே கிளட்டரால்டிஹைடு திரவத்தில் இருபது நிமிடம் ஊறவைத்து, சில இடங்களில் குழாய் நீரிலேயே அலசி, அடுத்த நோயாளிக்குப் பயன்படுத்தும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இருபது நிமிட ஊறலில் கிருமிநீக்கம் நிகழ்வதில்லை. அந்தத் திரவத்தில் கிருமிநீக்கம் வேண்டுமென்றால் பத்து மணி நேரம் தேவை. வாரக்கணக்கில் ஆறாமல், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காமல், துளையிட்ட இடத்தில் முடிச்சு முடிச்சாகத் தோன்றும் மைக்கோபாக்டீரியத் தொற்று இந்தியாவில் மீண்டும் மீண்டும் பதிவாகியிருப்பதற்கு இந்த ஊறலும் அலசும் நீரும் முக்கியக் காரணங்கள். ஆட்டோகிளேவ் எனப்படும் நீராவிக் கிருமிநீக்க இயந்திரத்தைத் தாங்கும் கருவித் தொகுதிகளைக் கூடுதலாக வாங்குவது, அல்லது குறைந்த வெப்பத்தில் கிருமிநீக்கும் பிளாஸ்மா, எத்திலீன் ஆக்சைடு முறைகளுக்கு மாறி அறுவைப் பட்டியலை அதற்கேற்பக் குறைப்பது என்ற இரண்டைத் தவிர வேறு வழி இல்லை. செலவைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போடும் மருத்துவமனை தரச்சான்றையும் தள்ளிப்போடுவதே நேர்மையானது.

நீராவிக் கிருமிநீக்கத்துக்கு 134 பாகை செல்சியஸில் மூன்று முதல் நான்கு நிமிடம் என்பது, காற்றை முதலில் உறிஞ்சி வெளியேற்றும் முன்வெற்றிட இயந்திரங்களுக்குரிய அளவு. 121 பாகை என்றால், துணி சுற்றிய கட்டுகளுக்கு, நீராவியே காற்றைக் கீழே தள்ளி வெளியேற்றும் ஈர்ப்பு வகை இயந்திரத்தில் முப்பது நிமிடம். முன்வெற்றிட இயந்திரம் வைத்திருப்பவர்கள் நாள்தோறும் முதல் சுமைக்கு (ஒரே முறையில் ஏற்றப்படும் கட்டுகளுக்கு) முன், இயந்திரத்தின் அறை காலியாக இருக்கும்போது, காற்று முழுவதும் வெளியேறுகிறதா என்று பார்க்கும் போவி-டிக் சோதனை நடத்த வேண்டும். கட்டின் மேல் ஒட்டும் பட்டை நிறம் மாறினால் அது வெப்பத்தைச் சந்தித்தது என்று மட்டுமே பொருள்; உள்ளே வைக்கப்படும் வேதிக் காட்டியே நீராவி உள்ளே புகுந்ததா என்று சொல்லும். ஜியோபாசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற வெப்பம் தாங்கும் பாக்டீரியாவின் வித்துகள் கொண்டு, அவை அழிந்தனவா என்று காட்டும் உயிரியல் காட்டி வாரம் ஒரு முறையாவதும், உடலில் பொருத்தப்படும் பொருள்கள் உள்ள ஒவ்வொரு சுமையிலும் வைக்கப்பட வேண்டும்.

உயிரியல் சோதனை தோல்வி என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று மதிப்பீட்டாளர் கேட்பது ஏறக்குறைய உறுதி. கடைசியாக வெற்றிபெற்ற சோதனைக்குப் பின் வெளியே போன எல்லாச் சுமைகளையும் திரும்ப அழைக்க வேண்டும் என்பதே பதில். அதைச் செய்யச் சுமை எண், தேதி, இயக்கியவர் பெயர் ஆகியவை கொண்ட ஒட்டுச்சீட்டு ஒவ்வொரு கருவிக் கட்டின் மீதும் இருந்து, அறுவையின்போது அது நோயாளியின் கோப்புக்கு மாற்றப்பட்டிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒரு போலித் திரும்ப அழைத்தலை நடத்தி, எத்தனை நிமிடத்தில் எத்தனை கட்டுகள் கிடைத்தன என்று எழுதிவையுங்கள்.

ஆறாம் படி: அறுவை அரங்கு

அறுவை அரங்கின் காற்றோட்டம் பற்றிய என்.ஏ.பி.எச். வழிகாட்டுதல்கள் மணிக்கு இருபது காற்று மாற்றங்களையும், அவற்றில் குறைந்தது நான்கு வெளிக்காற்றாக இருப்பதையும், அடுத்த அறையைவிட 2.5 பாஸ்கல் கூடுதல் அழுத்தத்தையும், 21 பாகையை ஒட்டிய வெப்பநிலையையும் கேட்கின்றன. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. உள்ள காற்றையே சுழற்றுவதால் ஏற்கப்படாது. பழைய கட்டடங்களில் பெரிய செலவு வருவது இங்கேதான். கட்டட வேலைக்கான மாதங்களை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும்.

மதிப்பீட்டுக்கு முதல் நாள் இரவு ஃபார்மலின் புகை போட்டு, சுவரையும் மேசையையும் பஞ்சால் தடவி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவது பல ஊர்களில் ஒரு சடங்காகவே நடந்துவருகிறது. வழக்கமான புகையூட்டலோ வழக்கமான பரப்புச் சோதனைகளோ தேவையில்லை. சோப்புநீராலும் கிருமிநாசினியாலும் பரப்புகளைத் துடைப்பது, கதவை மூடிவைப்பது, ஆள் நடமாட்டத்தைக் குறைப்பது ஆகியவை அதைவிடப் பயன் தரும். அதுபோல, அறுவைக்கு முந்தைய இரவு சவரக்கத்தியால் முடி மழிக்கும் வழக்கமும் நிற்க வேண்டும். தேவைப்பட்டால் மட்டும், அறுவைக்குச் சற்று முன் கிளிப்பரால் வெட்டினால் போதும். தடுப்பு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தோலைக் கீறுவதற்கு முந்தைய அறுபது நிமிடத்துக்குள் தரப்பட்டதா என்பதை மயக்கவியல் தாளில் நேரத்தோடு எழுதச் செய்யுங்கள்.

ஏழாம் படி: கழிவு

2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் நான்கு நிறங்களை வகுத்துள்ளன. இரத்தம் தோய்ந்த பஞ்சு, உடற்பாகங்கள், காலாவதி மருந்துகள் மஞ்சள். ஊசி நீக்கிய சிரிஞ்ச், குழாய்கள், சிறுநீர் சேகரிப்புப் பை, கையுறை சிவப்பு. ஊசி, கத்தி முதலியன துளைக்க முடியாத வெள்ளைக் கலன். கண்ணாடியும் உலோகப் பொருத்திகளும் நீலம். மனிதத் திசுக்களையும் இரத்தம் தோய்ந்த கழிவையும் பதப்படுத்தாமல் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பைகளுக்குப் பார்கோடு வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி நடப்பில் இருக்க வேண்டும். ஆண்டறிக்கை ஜூன் 30க்குள் போக வேண்டும்.

மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு வீட்டுக் குப்பையைப் போன்றதே என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பார்வையாளர்களின் காகிதத் தட்டும் வாழைப்பழத் தோலும் மஞ்சள் பையில் விழும்போது, எடைக்கேற்பக் கட்டணம் கட்டும் இடங்களில் செலவும் ஏறுகிறது. நிறம் பற்றிய சுவரொட்டிகளைத் தமிழிலும் படங்களோடும் வைக்க வேண்டும். ஆங்கிலச் சுவரொட்டி மதிப்பீட்டாளருக்குத்தான் பயன்படும். தூய்மைப் பணியாளரிடம் ஹைப்போகுளோரைட் கிருமிநாசினியைக் கலக்கும் விகிதத்தைக் கேட்டுத் திணறவைப்பதைவிட, வாளியின் உட்புறத்தில் இரண்டு கோடுகளை வரைந்துவிடுவது மேல்: முதல் கோடு வரை ஐந்து விழுக்காட்டு மருந்து ஒரு லிட்டர், இரண்டாம் கோடு வரை நான்கு லிட்டர் நீர். கிடைப்பது ஒரு விழுக்காட்டுக் கரைசல். அதை அன்றன்றே கலக்க வேண்டும்.

எட்டாம் படி: பணியாளர்

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் மூன்று தவணை. கடைசித் தவணைக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகோ (mIU/mL) அதற்கு மேலோ இருக்கிறதா என்ற சோதனை. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் இந்தப் பட்டியலில் இருந்து விடுபடுவதே வழக்கமான குறை. கழிவைக் கையாளும்போது ஊசி குத்தும் ஆபத்து அவர்களுக்கும் உண்டு.

ஊசி குத்தினால் சோப்பு, ஓடும் நீர் கொண்டு கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் தொடர வேண்டும். எனவே முதல் தவணை மாத்திரை இரவு இரண்டு மணிக்கும் கிடைக்கும்படி அவசரப் பிரிவிலேயே இருக்க வேண்டும். சோதனைக் கட்டணத்தைப் பணியாளரே கட்ட வேண்டும் என்றாலோ, "கவனமாக இருந்திருக்கக் கூடாதா?" என்று முதல் கேள்வி வந்தாலோ, அந்தப் பதிவேட்டில் பூஜ்யம் நிரந்தரமாகிவிடும்.

ஒன்பதாம் படி: நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள்

கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் மருந்தெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் வழிகளை வகுத்த 'சென்னைப் பிரகடனம்' 2012இல் இந்த மண்ணிலிருந்துதான் வெளிவந்தது. மருத்துவமனை தன் ஆய்வக முடிவுகளிலிருந்து ஆண்டுக்கொரு முறை, எந்தக் கிருமி எந்த மருந்துக்கு எவ்வளவு அடங்குகிறது என்று காட்டும் கிருமி–மருந்து உணர்திறன் அட்டவணையைத் தயாரிக்க வேண்டும். ஒரு நோயாளியின் முதல் மாதிரியை மட்டும் எண்ணுவதும், ஒரு கிருமிக்குக் குறைந்தது 30 மாதிரிகள் இருந்தால் மட்டும் விழுக்காடு எழுதுவதும் நெறி. கார்பபெனம், கோலிஸ்டின் போன்ற கடைசிக் கட்ட மருந்துகளைத் தொடங்க இரண்டாம் மருத்துவரின் கையொப்பம் வேண்டும் என்று விதித்து, 48 மணி நேரத்தில் மறுபரிசீலனை செய்தால், சிறு மருத்துவமனைக்கு அதுவே நல்ல தொடக்கம்.

சமையலறை, சலவை, டயாலிசிஸ் பற்றிச் சுருக்கமாக: சமையல் பணியாளர்களின் மருத்துவச் சோதனைச் சான்றுகள், துணிகளை 71 பாகையில் 25 நிமிடம் துவைத்ததற்கான பதிவு, டயாலிசிஸ் நீரின் நுண்ணுயிர், எண்டோடாக்சின் (பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சு) சோதனைகள், ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கான தனி இயந்திரம் ஆகியவை பார்க்கப்படும்.

பத்தாம் படி: ஒத்திகையும் மதிப்பீடும்

இறுதி மதிப்பீட்டுக்கு இரண்டு மாதம் முன்பு, வெளியாள் ஒருவரை அழைத்து, கோப்பு அறைக்குள் நுழையவிடாமல், வார்டுகளில் மட்டும் ஒரு நாள் முழுவதும் நடக்கச் சொல்லுங்கள். பணிமாற்ற நேரமான பிற்பகல் இரண்டு மணியும் இரவுப் பணியும் அதில் அடங்க வேண்டும். அவர் கண்ட குறைகளுக்கு எழுதும் பதிலில், குறை, அதன் வேர்க்காரணம், செய்த மாற்றம், மாற்றம் நிலைத்ததைக் காட்டும் ஒரு மாத எண் என்ற நான்கும் இருக்க வேண்டும். உண்மையான மதிப்பீட்டுக்குப் பிறகு வரும் குறைபாட்டு அறிக்கைக்கும் இதே வடிவில் பதில் அனுப்பலாம். "பணியாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது" என்ற ஒரு வரியை வேர்க்காரணத்துக்கான விடையாக எழுதினால், அந்தப் பதில் பெரும்பாலும் திரும்பி வரும்.